கண்மாய்க்குப் பங்குப் பணம் ஏன் சேருவதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்மாய் தூர்வார விவசாயிகள் தங்கள் பங்கைக் கொடுக்க முன்வருவதில்லை, அந்தக் காலத்து ஊர் ஒற்றுமை போய்விட்டது என்ற ஆதங்கம் கோடை முடிகிற நேரத்தில் ஆண்டுதோறும் உங்கள் பக்கங்களில் எட்டிப் பார்க்கிறது. ஆதங்கம் நியாயமானதுதான். சொல்லப்படும் காரணம்தான் சரியில்லை. அதே ஊரில் அம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போட்டால், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர்கூட மறுநாளே போனில் பணம் அனுப்பிவிடுகிறார். கண்மாய்க்கு ஏக்கருக்கு 600 ரூபாய் என்றால், 'மழை தண்ணி பாத்துக்கிட்டுச் சொல்றேன்' என்கிறார். இரண்டும் ஒரே ஆள், ஒரே சட்டைப் பை.

திருவிழா நடக்கும், காப்புக் கட்டும் தேதி தெரியும், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பக்கத்து வீட்டுக்காரரும் கொடுப்பார். கொடுக்காதவர் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பார்கள் என்பதும் தெரியும். கண்மாய் விஷயத்தில் இவற்றில் ஒன்றுகூட உறுதியில்லை. பணம் சேராததற்கு அந்த உறுதியின்மையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் 'மழை நிச்சயமில்லை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான் எந்த வைத்தியமும் பலிப்பதில்லை.

மழையை முதலில் பேசி முடித்துவிடலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருவது. சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை மானாவாரிக் கண்மாய்களுக்கு அந்த மூன்று மாதம்தான் வாழ்வு. அது பொய்ப்பதும் உண்டு. ஆனால் பொய்க்கும் என்று தெரிந்துதானே நம் முன்னோர் கண்மாயே வெட்டினார்கள்? நிச்சயமில்லாத தண்ணீர் ஊரைப் பிரிப்பதைவிடச் சேர்த்த சான்றுதான் அதிகம். ஆந்திரக் கால்வாய்ப் பாசன ஊர்களை ஆராய்ந்த ராபர்ட் வேட், கால்வாயின் கடைக்கோடியில், தண்ணீர் வருமோ வராதோ என்று தவிக்கும் ஊர்களில்தான் பொது நிதியும் ஊரே அமர்த்திய நீர்பாய்ச்சி ஆட்களின் ஏற்பாடும் வலுவாக இருந்ததைக் கண்டு 1988-ல் எழுதினார். தண்ணீர் தாராளமாக வரும் தலைப்பகுதி ஊர்களில் அந்த அமைப்பு தேவைப்படவில்லை.

உண்மையில் கையைக் கட்டிப்போடுவது வேறு. வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். 80 ஏக்கர் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஒரு சின்னக் கண்மாய். 100 ஏக்கருக்குக் கீழே என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வரும். வரத்துக்கால் 1,200 மீட்டர். அடியில் 1.6 மீட்டர், மேலே 2.4 மீட்டர், சராசரி அகலம் 2 மீட்டர். 40 செ.மீ. உயரத்துக்கு வண்டல் ஏறியிருக்கிறது. அள்ள வேண்டியது 960 கன மீட்டர். ஜேசிபி மணிக்கு 25 கன மீட்டர் வாரும், வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்தால், திரும்பி நிற்கும் நேரத்தையும் சேர்த்து 40 மணி நேரம், 48,000 ரூபாய். ஏக்கருக்கு 600. வாடகை ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

இப்போது 20 ஏக்கர்க்காரர்கள் கொடுக்கவில்லை. கையில் 36,000. எந்திரம் 30 மணி நேரம் ஓடும், 900 மீட்டர் வெட்டும், 300 மீட்டர் மிச்சம் நிற்கும். முக்கால்வாசி வேலை நடந்துவிட்டதே, முக்கால்வாசிப் பலன் வராதா என்று கேட்கத் தோன்றும். வராது. வரத்துக்காலின் வாட்டம் 2,000-க்கு 1 என்றால், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 50 செ.மீ. இறக்கம் என்றால், கண்மாய்ப் பக்கம் விட்டுப்போன அந்த 40 செ.மீ. மேடு தண்ணீரை 800 மீட்டர் பின்னோக்கித் தேக்கும். தேங்கிய தண்ணீர் கரை தாழ்ந்த இடத்தைத் தேடி உடைத்துக்கொண்டு யாரோ ஒருவர் புஞ்சையில் பாயும். மேடு தலைமாட்டில் விட்டுப்போனால் தண்ணீர் உள்ளேயே நுழையாது. எப்படிப் பார்த்தாலும் 36,000 ரூபாயும் மண்ணோடு மண்.

இது கொடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். அவர் 600 ரூபாயைக் கணக்குப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் கொடுத்தால்தான் தன் 600-க்கு மதிப்பு, ஒரு சிலர் விட்டாலும் தன் பணம் வீண் என்பதைக் கணக்குப் பார்க்கிறார். கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் பரப்பில் வண்டல் எடுப்பது இப்படிப்பட்டதல்ல. அங்கே அள்ளும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு கன மீட்டர் தண்ணீர் கூடுதலாக நிற்கும், பாதி வேலைக்குப் பாதிப் பலன் உண்டு. அதனால் உள்வாய் வேலையையும் வரத்துக்கால் வேலையையும் ஒரே வசூலில் கலக்கக் கூடாது. விவசாயத்துக்கு வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. உள்வாயை அந்த வழிக்கு விட்டுவிட்டு, ஊர்ப் பணத்தை வரத்துக்காலுக்கும், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்கும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதே தெரியாமல் வசூலுக்கு இறங்குவது. 'நாப்பது மணி நேரம் ஓடலாம், வேர்க்கட்டை இருந்தா அறுபதும் ஆகலாம்' என்று சொன்னால், இலக்கு 48,000-மா 72,000-மா என்று யாருக்கும் தெரியாது. 48,000 சேர்ந்த பிறகும் போதாமல் போகலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால், முதல் ரூபாயே வெளியே வராது. ஸ்காட் பாரெட், ஆஸ்ட்ரிட் டானென்பெர்க் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2012-ல் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. பத்துப் பேர் கொண்ட குழுக்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அளவை எட்டாவிட்டால் எல்லோருக்கும் நட்டம். இலக்கு 150 என்று திட்டமாகச் சொன்னபோது பெரும்பாலான குழுக்கள் எட்டிப்பிடித்தன. நட்டம் எவ்வளவு என்பதை மட்டும் மூடி மறைத்தபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. இலக்கு 100 முதல் 200-க்குள் எங்கோ இருக்கிறது என்று சொன்னதும் ஒத்துழைப்பு சரிந்துபோனது. அவர்கள் பருவநிலைப் பேச்சுவார்த்தைகளை மனதில் வைத்துச் செய்த சோதனை அது. நம் சாவடித் திண்ணைக்கும் அப்படியே பொருந்தும். மழை எவ்வளவு பெய்யும் என்பது தெரியாமல் இருக்கலாம். பணம் எவ்வளவு வேண்டும் என்பது தெரியாமல் இருக்கக் கூடாது.

அந்தத் தொகையைத் திட்டப்படுத்துவது கடினமில்லை. 50 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் கடப்பாரையைக் குத்தி இறக்கிப் பார்க்க வேண்டும். வண்டலில் பொதபொதவென்று இறங்கும் கடப்பாரை பழைய தரையில் நின்றுவிடும், தோண்டிப் பார்த்தால் மண்ணின் நிறமும் மாறும். அந்த ஆழத்தைக் குறித்து, தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வைத்து முளைக்கு முளை மட்டம் எடுத்தால் வாட்டம் கிடைக்கும். இதைச் செய்யாமல் டிரைவர் கண்மட்டத்துக்கு விட்டால் நடுவில் பள்ளம் விழும். பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் கண்மாய்க்கு வராது, கரையின் அடியையும் இளக்கும்.

பிறகு, மணிக்கணக்கில் எந்திரத்தை அமர்த்துவதை விட வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். மேலே சொன்ன கணக்கில் மீட்டருக்கு 40 ரூபாய். மீட்டர் கணக்கில் பேசினால் மேலோட்டமாகச் சுரண்டிவிட்டுப் போவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்கு ஒரு மரச்சட்டம் போதும். அடி 1.6, மேல் 2.4, உயரம் 0.4 மீட்டர் என்ற அளவில் நான்கு ரீப்பரை ஆணி அடித்துச் செய்து, ஒவ்வொரு முளைக்கும் எடுத்துப்போய் வாய்க்காலுக்குள் நிறுத்திப் பார்க்கலாம். சட்டம் உட்காராத இடத்துக்குப் பணம் இல்லை. வாரிய மண்ணைக் கரையின் உள்விளிம்பிலேயே கொட்டிவிடாமல், வெளிப்பக்கம் ஒரு மீட்டராவது தள்ளிப் போடச் சொல்வதும் அந்தப் பேச்சிலேயே சேர வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழைக்கே வண்டல் வாய்க்காலுக்குத் திரும்பிவிடும், அடுத்த ஆண்டு வசூலுக்கு யாரும் வாயே திறக்க முடியாது. சீமைக் கருவேல வேர்க்கட்டைதான் மணிக்கணக்கை ஏற்றிவிடும் சனியன். அதை எந்திரச் செலவில் சேர்க்காமல், அலுவலக அனுமதியோடு விறகுக்காரருக்கோ கரிமூட்டம் போடுபவருக்கோ முன்கூட்டியே ஏலம் விட்டு, வேரோடு பிடுங்க வேண்டும் என்பதை ஏல நிபந்தனையாக வைக்கலாம்.

தொகை திட்டமானதும் அடுத்த சந்தேகம், மற்றவர் கொடுப்பாரா என்பது. சூரிச்சில் நடந்து 2001-ல் வெளிவந்த இன்னொரு சோதனையில் ஏறத்தாழப் பாதிப் பேர், மற்றவர் கொடுத்தால் கொடுப்போம், அவர்கள் குறைத்தால் நாமும் குறைப்போம் என்ற ரகம். எப்படியும் கொடுக்காதவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஊர் வசூலில் அனுபவம் உள்ள எவருக்கும் இது புதிதல்ல. நாம் செய்யும் தவறு, எப்படியும் கொடுக்காத ரகத்தோடு மல்லுக்கட்டி முதல் ரகத்தை இழப்பது.

'கொடுத்தால் கொடுப்போம்' என்பவருக்கு வேண்டியது, வேலை நடக்காவிட்டால் பணம் திரும்பி வரும் என்ற உறுதி. ஆகஸ்டு 31-க்குள் 48,000 சேராவிட்டால், பொதுநிதியைக் கொண்டும் குறையை நிரப்ப முடியாவிட்டால், செப்டம்பர் முதல் வாரத்தில் வாங்கிய பணம் அத்தனையும் கொடுத்தவர் கையிலேயே திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே அச்சடிக்க வேண்டும். பணம் இருவர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த இருவரும் ஒரே வகையறாவாகவோ ஒரே தெருவாகவோ இருக்கக் கூடாது. ஒருமுறை இலக்கு எட்டாமல் போய் உண்மையிலேயே திருப்பிக் கொடுத்த ஊரில், அடுத்த வசூல் எளிதாக நடக்கும். திருப்பிக் கொடுக்காமல் 'அடுத்த வருசத்துக்கு வரவு வச்சுக்கிறோம்' என்று சொன்ன ஊரில் பத்து ஆண்டுக்கு ஒன்றும் நடக்காது.

கொடுத்தவர் பட்டியலைச் சாவடியில் மடைவாரியாக எழுதிப் போடுவதும் வழக்கம். அதில் ஒரு நெளிவுசுளிவு உண்டு. வசூல் தொடங்கிய மூன்றாம் நாளே 'மேல்மடை 32 ஏக்கர், வரவு 4 ஏக்கர்' என்று எழுதிப் போட்டால், அந்தப் பலகையே மற்றவரைத் தடுத்துவிடும். கமிட்டிக்காரர்களும் பெரிய பட்டாக்காரர்களும் கட்டி, ஆயக்கட்டில் மூன்றில் ஒரு பங்காவது வந்த பிறகுதான் பலகையை வெளியே வைக்க வேண்டும். ஒளிப்பது போலத் தோன்றலாம். கணக்கைக் கேட்பவருக்குக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். விளம்பரத்துக்குத்தான் நேரம் பார்க்கச் சொல்கிறோம்.

கடைமடைக்காரரின் சந்தேகம் தனி. கண்மாய் நிறைந்தால் மேல்மடையும் நடுமடையும் குடித்த பிறகுதானே நமக்கு, பாதி நிறைந்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்று அவர் கேட்பது நூற்றுக்கு நூறு சரி. அவருக்கு மழையைவிடப் பங்கீடுதான் பயம். இலங்கையின் உலர்வலயக் குளங்களில் பெத்ம என்றொரு ஏற்பாடு உண்டு. தண்ணீர் குறைந்த பருவத்தில் குளத்துக்கு அருகில் உள்ள வயலை மட்டும் பயிரிடுவது, அந்த வயலை எல்லாப் பங்காளிகளுக்கும் அவரவர் நிலத்துக்கு ஏற்பத் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுப்பது. நம்மூரில் மேல்மடைக்காரர் தன் வயலில் இன்னொருவரை இறங்க விடுவாரா என்பது சந்தேகம்தான். அந்த அளவு போக வேண்டாம். மடைக்கல்லில் அடிக்கு ஒரு கோடாகப் பெயிண்ட் அடித்து, தண்ணீர் இந்தக் கோட்டில் நின்றால் ஆளுக்குப் பாதி நிலம், இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் நெல் இல்லை, நாற்றங்காலும் இல்லை, ஆடு மாட்டுக்கு மட்டும் என்று வசூலுக்கு முன்பே கையெழுத்து வாங்கினால், கடைமடையிலிருந்து பணம் வரும். தண்ணீர் வந்த பிறகு பேசலாம் என்றால் வராது.

மழைக்குத் திரும்புகிறோம், அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்பதால். 600-ஐ இரண்டாகப் பிரித்து, வேலைக்கு முன் 350, தண்ணீர் மடைக்கல்லின் குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் 250 என்று வைக்கலாம். முன்பணம் 28,000. மீதி 20,000-ஐ மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில் ஊருக்கு வரும் பங்கிலோ வேறு பொதுநிதியிலோ இருந்து ஈடுகட்டி, தண்ணீர் வந்ததும் வசூலித்துத் திரும்ப வைக்கலாம். மழை பொய்த்தால் அந்த நட்டம் பொதுநிதிக்கு. காய்ந்த வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் பாக்கி கேட்கும் அவலம் இல்லை. பொதுநிதியே இல்லாத ஊருக்கு இந்த வழி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிணறு, போர் வைத்திருப்பவர் 'எனக்குக் கண்மாய்த் தண்ணி வேணாம்' என்பார். அவர் கிணறு ஊறுவதே கண்மாயால்தான் என்று வாயால் சொன்னால் எடுபடாது. கண்மாய் நிறைந்திருக்கும்போது ஒருமுறை, வற்றிய பின் ஒருமுறை கிணற்றில் கயிறு விட்டு அளந்து, இரண்டு அளவையும் தேதியோடு அவர் மோட்டார் ரூம் சுவரில் எழுதி வைத்தால், இரண்டே ஆண்டில் வாதம் முடியும். வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் கொடுக்கத் தயங்குவதிலும் அர்த்தம் இருக்கிறது. அடுத்த ஆண்டு அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்பதே அவருக்குத் தெரியாது. ஆண்டுதோறும் செய்யும் வாய்க்கால் வேலைக்கு உழுபவர், பத்தாண்டு நிற்கும் மடைக்கதவு, மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு வேலைக்கு நிலத்துக்காரர் என்று பிரித்துவிட்டால் யார் கொடுப்பது என்ற இழுபறி பெருமளவு தீரும்.

எந்த வேலையை முதலில் தொடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பலன் கண்ணுக்குத் தெரியும் வேலையை முதலில் முடிக்க வேண்டும். ஒழுகும் மடைக்கதவு நொடிக்கு 5 லிட்டர் விட்டால் நாளைக்கு 432 கன மீட்டர். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்ட ஏறத்தாழ 200 கன மீட்டர் போதும். ஆக, தினமும் இரண்டு ஏக்கர் நனைக்கும் தண்ணீர் ஓடையில் போகிறது. அதை அடைக்க ஆகும் செலவு வரத்துக்கால் செலவில் ஒரு சிறு துண்டு. அதை முடித்துக் காட்டிவிட்டு வரத்துக்காலுக்கு வசூல் கேட்பது ஒன்று, எதையுமே காட்டாமல் கேட்பது வேறு.

இவ்வளவும் ஊர் செய்ய வேண்டியவை. அரசு மட்டுமே நீக்கக்கூடிய உறுதியின்மை ஒன்று பாக்கி இருக்கிறது. 'எப்படியும் அரசாங்கம் தூர்வாரும், நாம ஏன் கைக்காசு போடணும்?' என்ற எதிர்பார்ப்பு. இது சோம்பேறித்தனம் இல்லை. 1858-ல் சென்னை மாகாணத்துக்காகப் போட்ட ஒரு சட்டம், குடிமராமத்துக்கு, அதாவது ஊரார் வழக்கப்படி தாங்களே செய்யும் பாசனப் பராமரிப்பு வேலைக்கு வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு வசூலிக்கலாம் என்றது. நடைமுறையில் அது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் பாசனதாரர் பங்கு பத்து சதவீதம் என்றது. அந்தப் பங்கை உழைப்பாகவும் தரலாம். உழைப்பை ஊரார் முன் அளந்து பதியாவிட்டால், கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்று எவருக்கும் தெரியாது. மொத்தத்தில், எந்தக் கண்மாய்க்கு எந்த ஆண்டு அரசுப் பணம் வரும் என்பது லாட்டரிச் சீட்டாகவே இருக்கிறது. பக்கத்து ஊர்க் கண்மாய்க்கு முழுச் செலவும் அரசு போட்டதைப் பார்த்தவர் தன் ஊரில் 600 ரூபாய் கொடுப்பாரா? காத்திருப்பதுதான் அவருக்கு லாபம். கண்மாய்தான் தூர்ந்துகொண்டே போகும்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000. அத்தனைக்கும் ஒரே ஆண்டில் பணம் ஒதுக்க எந்த அரசாலும் முடியாது, அதை யாரும் கேட்கவும் இல்லை. கேட்பது ஒரு பட்டியல். நீர்வளத் துறையும் ஊராட்சி ஒன்றியங்களும் ஒவ்வொரு ஜூன் மாதத்துக்குள், இந்த ஆண்டு வேலை எடுக்கும் கண்மாய்களின் பெயரை வெளியிடுவது போல, அடுத்த மூன்று ஆண்டுக்கு எடுக்கப் போவதில்லை என்று தீர்மானித்த கண்மாய்களின் பெயரையும் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். 'இல்லை' என்று சொல்வது அதிகாரிகளுக்குச் சங்கடம்தான், தேர்தல் ஆண்டில் இன்னும் சங்கடம். ஆனால் ஊருக்கு அந்த 'இல்லை'தான் தேவை. வராது என்று தெரிந்தால் வசூலைத் தொடங்கலாம். சொந்தப் பணத்தில் வரத்துக்காலை முடித்த ஊருக்குப் பிறகு மடை, கலுங்கு வேலையில் முன்னுரிமை என்றும் சேர்த்து அறிவித்தால், முந்திக்கொண்டு கொடுத்தவர் ஏமாளி ஆக மாட்டார்.

ஜூன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜூலையில் முளை அடித்து மட்டம் எடுக்க வேண்டும். ஆடி முதல் ஆவணிப் பாதி வரை வசூல். புரட்டாசி பாதிக்குள் எந்திரம் வெளியேறிவிட வேண்டும். அதற்கு மேல் வரத்துக்காலில் ஈரம் ஏறிவிட்டால் ஜேசிபி இறங்காது, இறங்கினாலும் கரையை மிதித்துக் கெடுக்கும். பட்டியல் செப்டம்பரில் வந்தால் அது அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசனதாரர்கள் சிலர்,
சிவகங்கை மாவட்டம்.